வலது பக்கம் பேசாத இரண்டு நிமிடம்

ஒரு ஸ்பீக்கரைச் சரிசெய்து கொடுத்தால், அது மறுபடி கெட்டுத் திரும்பி வராது என்று உறுதியாகும்வரை எனக்குச் சோறு இறங்காது. பூந்தமல்லியில் கடை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட கைக்குச் சால்டரிங் தவிர வேறொன்றும் தெரியாது என்பதால், அதிலும் கெட்ட பெயர் வந்தால் என்ன செய்வது என்ற யோசனை எப்போதும் ஓடும்.

நூம்பல் அடுக்குமாடியிலிருந்து ஒருவர் பழைய ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்தார். திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் வேலை. வலது பக்கம் இரைந்தது. உள்ளே அதிரும் காகிதக் கோனை மாற்றிப் புதிது ஒட்டினேன். மாதம் ஒரு ஞாயிறு காலை நண்பர்கள் கூடி, ஒரு ஆங்கில இசைத்தட்டை முழுதாகக் கேட்பார்களாம். கேட்டவர் ஒவ்வொருவரும் அதில் ஒரு நிறை, ஒரு குறை சொன்னால்தான் டிபன். என்னையும் கூப்பிட்டார். நான் தயங்கியதும் என் வீட்டுக்காரி சொன்னாள்: “போய்ட்டு வாய்யா. உன்ன இன்னா பரீட்சையா எழுதச் சொல்றாங்கோ?”

போனேன். அன்றைய தட்டு ஐம்பது வருடத்துக்கு முந்தையது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. கிடார், புல்லாங்குழல், ஆர்கன் என்று ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பாதியில் வலது ஸ்பீக்கர் அடங்கிவிட்டது.

எழுந்து ஓடி, ஒயரை அழுத்தி, பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் இரண்டு திருகைக் கழற்றியும் விட்டேன். எட்டுப் பேர் பார்த்தார்கள். ஸ்பீக்கர்காரர் வந்து பக்கத்தில் குந்தினார்.

“அண்ணே, விடுங்கண்ணே. பாட்டே அப்படித்தான். இந்த எடத்துல ஆர்கன் மட்டுந்தான், அதயும் இடது பக்கமே வச்சிருக்கான்.”

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. பயத்தில் தெரிந்ததுகூட மறந்துபோகும். கடையில் நான் சோதிக்கப் போடும் சினிமாப் பாட்டில் இரண்டு பக்கமும் ஓயாமல் கத்தும்.

எனக்காக முதலிலிருந்து போட்டார். அந்த இடம் வந்ததும் வலது பக்கம் இரண்டு நிமிடம் அடங்கியிருந்தது. பிறகு டிரம் வலது பக்கமாக வந்து இறங்கியது. நான் ஒட்டிய கோன் துளி இரையவில்லை.

என் முறை வந்தது. அந்த டிரம்முக்காகக் காத்திருக்க வைத்ததுதான் நிறை என்றேன். குறையையும் கேட்டார்கள். வாய் தானாகப் பேசியது.

“கடேசி அஞ்சு நிமிசம், சார். நம்ம பஸ் ஸ்டாண்டுல ஷேர் ஆட்டோக்காரன் கெளம்பியாச்சு, கெளம்பியாச்சுன்னு கூவிகினே அங்கியே நிப்பான் பாருங்க, அந்த மாதிரி கீது.”

சிரித்தார்கள். ஒரு அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த முடிவுதான் பாட்டின் அழகே என்று என்னோடு மல்லுக்கு நின்றார். நானும் விடவில்லை. இட்லி ஆறிப்போனது, இருந்தும் ஆறு சாப்பிட்டேன்.

இப்போது கடையில் அந்தப் பாட்டையும் வைத்துத்தான் சோதிக்கிறேன். வலது பக்கம் அடங்கியதும் வந்தவர் முகம் மாறும். “இருங்க, வரும்” என்பேன்.