ஆளுக்குப் பாதி மருந்து

பெயிண்டர் முப்பது வருஷம் கார்களுக்கு ஸ்ப்ரே அடித்தவர். முகமூடி போட்டால் வேலை சுத்தமாக வராது என்று சாதித்தவர். கார்களெல்லாம் பளபளத்தன, நுரையீரல் சல்லடையாகிவிட்டது. மூன்றாவது மாடியில் வீடு. லிஃப்ட் கிடையாது. நடுவில் உட்காராமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும், வேறு எதற்கும் அவர் ஆசைப்படவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் வைட்டமின் ஏ வகை மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எலிகளுக்குக் கொடுத்ததில் பழுதான நுரையீரலில் புதுக் காற்றறைகள் முளைத்தனவாம். மனிதருக்கும் முளைக்குமா என்று பார்க்க ஆள் தேடினார்கள். எலிக்கு முளைத்தது நமக்கு முளைக்காதா என்று பெயிண்டர் சேர்ந்தார். கீழ்வீட்டுக் கண்டக்டரும் சேர்ந்தார்; அவர் நுரையீரலைச் சிகரெட் தின்றிருந்தது.

பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு டம்மி. யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். கண்டக்டருக்கு இது பொறுக்கவில்லை.

“ஒருத்தனுக்கு வளர்ந்து இன்னொருத்தனுக்கு வளரலேன்னா, அப்புறம் எப்படிப்பா மூஞ்சில முழிக்கிறது?”

“மாத்திக்கலாம்ணே. ஒரு நாள் உங்க டப்பா, ஒரு நாள் என் டப்பா” என்றார் பெயிண்டர்.

இரண்டு வீட்டு மனைவிமாரும் நியாயம்தான் என்றார்கள். விஞ்ஞானத்துக்கு இதனால் கேடு வரும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரத்தப் பரிசோதனையில் குட்டு உடைந்தது. டாக்டரம்மா பெயிண்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

“உங்க டப்பாதான் நிஜ மருந்து. அவரோடது டம்மி. பாதியைத் தூக்கி அவருக்குக் குடுத்திருக்கீங்க.”

“முழுசாச் சாப்பிட்டிருந்தா எனக்கு வளர்ந்திருக்குமா?”

“அதைத் தெரிஞ்சுக்கத்தானே உங்களைச் சேர்த்தோம்! இனிமே ரெண்டு பேரும் வர வேண்டாம்.”

வழி நெடுகப் பெயிண்டர் பொருமிக்கொண்டே வந்தார். கண்டக்டர் மேல் கோபம். தாராளப் பிரபுவான தன் மேல் அதைவிடக் கோபம். வீட்டு வாசலிலேயே கண்டக்டர் காத்திருந்தார்.

“யாரோடதுப்பா நிஜம்? உன்னோடதுன்னா சொல்லிடு. நான் தாங்கிக்குவேன்.”

தாங்கமாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

“ரெண்டுமே டம்மிண்ணே. நல்லா ஏமாந்தோம்.”

கண்டக்டர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“ஆனா பாரு, எனக்கு நெஜமாவே மூச்சு கொஞ்சம் லேசான மாதிரி இருந்துச்சுப்பா.”

“எனக்கும்தாண்ணே. எல்லாம் மனசு பண்ற வேலை” என்றார் பெயிண்டர். அவருக்கு ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லை.