வேரில் முடிச்சு

தெருவில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். தையல் ஆலையில் பொத்தான் வைத்த காலத்தில் அந்தக் குணம்தான் சோறு போட்டது. நாற்றுப் பண்ணையில் சரிவரவில்லை. பாத்திக்கு ஒரு செடியையாவது பிடுங்கி வேர் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

பண்ணை அவளும் நாத்தனாரும் சேர்ந்து எடுத்தது. கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த நிலம். போன வருஷம் கத்தரி நாற்று வேரில் முடிச்சு விழுந்து மொத்தமும் செத்தது. மண்ணைத் தேற்ற, அவரைப் பூ வடிவில், ஆனால் மஞ்சளாகப் பூக்கும் புதர்ச்செடி ஒன்றை நிலம் முழுக்க நட்டார்கள். இதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு ஆலைக்கே திரும்புவது என்று பேச்சு.

குளிர் தொடங்கியதும் செடிகள் இலையைக் கொட்டிவிட்டு விளக்குமாற்றுக் குச்சிகளாக நின்றன. அவள் ஒன்றைப் பிடுங்கினாள். வேர் முழுக்க முடிச்சு.

போச்சு, அதே வியாதி. பரவுமுன் எரித்துவிட வேண்டும் என்று வரிசையாகப் பிடுங்கத் தொடங்கினாள்.

நாத்தனார் தேநீரோடு வந்தாள். "நட்ட கையாலயே பிடுங்குறீங்களே அண்ணி. எங்கண்ணனை மட்டும் எப்படி இத்தனை வருஷம் விட்டுவச்சீங்க?"

"அவருக்கு வேர் இருந்தாத்தானே பிடுங்கிப் பாக்க."

பிடுங்கிப் போட்ட குவியலருகே இருந்த தீப்பெட்டியை நாத்தனார் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எல்லாத்தையும் ரெண்டு தடவை பாப்பீங்க. இதை மட்டும் ஒரு தடவையில முடிச்சிட்டீங்களே."

சுருக்கென்றது. அவள் உட்கார்ந்து ஒரு முடிச்சை நகத்தால் நெருடினாள். அது மணி போல உள்ளங்கையில் உதிர்ந்தது. கத்தரியில் வேரே வீங்கியிருந்தது. கிள்ளினால் வேரும் கூடவே வந்தது. இதுவோ வேரின் மேல் பொத்தான் தைத்த மாதிரி இருந்தது. கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு.

"காத்துல இருக்கிற சத்தை இது வேர்ல முடிஞ்சு வச்சுக்கும்னு செடி கொடுத்தவர் சொன்னாரே, இதுதான் போல" என்றாள் நாத்தனார்.

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீங்க அப்ப செடியை எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

அவள் தண்டைச் சுரண்டினாள். தோலுக்கு அடியில் பச்சை. பிடுங்கியதை எல்லாம் இருவரும் திரும்ப நட்டுத் தண்ணீர் விட்டார்கள்.

குளிர் விட்டதும் மற்ற செடிகள் துளிர்த்தன. பிடுங்கி நட்ட வரிசை மட்டும் குச்சியாகவே நின்றது. தினமும் காலையில் அதன் முன்னால் போய் நிற்பாள், கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. ஒரு நாள் அப்படி நின்றபடியே நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாரு. கணுவுல பச்சையா ஏதோ தெரியுது. எனக்குச் சந்தேகமா இருக்கு."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "இலைதான் அண்ணி. நம்பலாம்."