மகளின் காதுகுத்துக்கு வந்த கலாப்ரியாக்காரர்

மகளுக்குக் காது குத்தியபோது அவளை மடியில் வைத்திருந்தவர் என் கணவரின் முதலாளி. தாய்மாமன் மடியில்தான் இருத்த வேண்டும் என்றார்கள். கனடாவிலிருக்கும் என் தம்பிக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. "முதலாளியைக் கேட்பம். அந்தாளும் சொந்தம் மாதிரித்தானே" என்றார் கணவர். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் டோர்ட்மண்ட் நகரில் ஒருவரும் எங்களுக்கு வீடு தராமல் இழுத்தடித்தபோது, தன் உறவினரின் கட்டடத்தில் இந்த வீட்டை எடுத்துத் தந்தவர் அவர். இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய உணவகத்தில் என் கணவர் பீட்சா போடுகிறார்.

வேட்டியைக் காற்சட்டைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு வந்தார். பிள்ளை வீரிட்டபோது அவருக்கும் கண் கலங்கியது. "அவருக்கும் ஒண்டு குத்தி விடுங்கோ" என்று ஒரு அக்கா சொல்ல, மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து மகளுக்கு அவர் மாமா.

அடுத்த குளிர்காலத்தில் கலாப்ரியா மாஃபியாக் குழுவைத் தேடிப் பொலிஸார் பல நகரங்களில் ஒரே காலையில் இத்தாலிய உணவகங்களுக்குள் நுழைந்தார்கள். பிடிபட்டவர்களில் முதலாளியின் அக்கா மகனும் ஒருவன். எங்கள் உணவகத்துக்கு யாரும் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தவள் நான். எதையும் தொடக்கத்திலிருந்து தெரிந்துகொள்ளாவிட்டால் இருப்புக்கொள்ளாது. மகள் கிண்டர்கார்டனில் இருக்கும் நேரத்தில் கலாப்ரியாக் குழுவைப் பற்றி வாசித்தேன். ஏழை மலைக்கிராமங்களில் ஊர்ச் சண்டியர்களாகத் தொடங்கியவர்கள். பிறகு பணக்காரர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் கடத்தி மலைக்குள் ஒளித்து வைத்தார்கள். அந்தப் பணம் லொறிகளாகவும் வீதி ஒப்பந்தங்களாகவும் மாறியது. அதற்குப் பிறகு துறைமுகம், கொக்கேயின். வேலை தேடி ஜெர்மனிக்கு வந்த ஊர்க்காரருக்குப் பின்னால் அவர்களும் வந்தார்கள். மற்றக் குழுக்கள் உடைந்தபோதும் இவர்கள் உடையவில்லை. தகப்பன், தமையன், மச்சான், சம்பந்தி என்று எல்லாம் குடும்பம்; காட்டிக்கொடுப்பவன் தன் வீட்டையே காட்டிக்கொடுக்க வேண்டும். வெளியாளை நெருக்கமாக்க நினைத்தால், அவன் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்பார்களாம். அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களே அவரைக் கூட்டிவந்து மகளை மடியில் இருத்தினோம்.

கணவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"கலாப்ரியாவில பிறந்தவை எல்லாம் கள்ளரோ? யாழ்ப்பாணத்தில பிறந்ததுக்கு எங்களை என்னெல்லாம் கேட்டவங்கள், மறந்திட்டீரோ?"

மறக்கவில்லை. நல்ல மனிதரைச் சந்தேகித்துவிட்டேனோ என்று இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு முதலாளி தந்துவிட்ட, நாடா ஒட்டி மூடிய பெட்டிகளைக் கணவர் கொண்டுவந்து, கட்டடத்தின் அடியில் எங்களுக்குள்ள கெல்லர் அறையில் அடுக்கினார்.

"ஒலிவ் எண்ணெயாம். கடையில இடமில்லையாம்."

"திறந்து பாத்தனீங்களோ?"

"ஆற்றையோ சாமானை நான் ஏன் திறக்கிறன்?"

"திருப்பிக் குடுங்கோ."

"ஏலாது. என்ர விசா அந்தாள் தந்த வேலையில நிக்குது. வீடு அந்தாளின்ர ஆக்களின்ரை. என்னெண்டு சொல்லச் சொல்லுறீர்?"

பொலிஸுக்குப் போய் எதைச் சொல்வது? எண்ணெயாக இருந்தால் மகளை மடியில் வைத்திருந்தவரை அவமானப்படுத்தியவர்கள் ஆவோம். எண்ணெய் இல்லையென்றால், இருப்பது எங்கள் அறையில். ஒருநாள் கீழே போய் ஒரு பெட்டியை அசைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ அலம்பியது போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. நாடாவை நகத்தால் கிளப்பினேன். பிறகு பயந்து அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை கணவர் வேலைக்குப் போன பிறகு முதலாளி தனியாக வந்தார். வாசலில் சப்பாத்தை நன்றாகத் துடைத்தார். மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஒவ்வொரு தடவையும் உங்களைத் தொந்தரவு செய்ய விருப்பமில்லை" என்றார் ஜெர்மன் மொழியில். "கெல்லர் பூட்டுக்குத் திறப்பு இரண்டு இருக்கும், இல்லையா? ஒன்றை நான் வைத்திருக்கிறேன்."

பெட்டிகளை எடுத்துக்கொண்டு போங்கள் என்பதை ஜெர்மன் மொழியில் எப்படி மரியாதையாகச் சொல்வது என்று அந்தக் கிழமை முழுவதும் பாடமாக்கியிருந்தேன். "இருங்கள், கோப்பி போடுகிறேன்" என்பதுதான் வந்தது.

கோப்பியைக் குடித்து முடித்த பிறகும் அவர் திறப்புக்காகக் காத்திருந்தார். நான் திறப்புக் கொத்திலிருந்து அந்த ஒன்றைக் கழற்றப் பார்த்தேன். வளையம் விரியவில்லை, நகம் முறிந்தது.

"விடுங்கள், நான் கழற்றுகிறேன்" என்றார்.

முழுக் கொத்தையும் அவரிடம் நீட்டினேன். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நன்றி சொல்லித் திருப்பித் தந்தார்.