லைன் ஒன்றில் மில்லிக்கன் கோபி

1. வானொலி பேசாமல் நின்றது

அன்று மாலை எங்கள் வானொலியில் சில வினாடிகளுக்கு ஒருவருமே பேசவில்லை. நிகழ்ச்சி நடத்துகிறவர் பேசவில்லை. அழைத்த இருவரும் பேசவில்லை. பாட்டும் போகவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு டெட் எயர் என்று பெயர். காரில் கேட்டுக்கொண்டு போகிறவர் றேடியோ பழுதாகிவிட்டது என்று நினைத்து வேறு அலைவரிசைக்கு மாறிவிடுவார். வானொலிக்காரருக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. நான் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எழுந்து நின்று, உள்ளே நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த பாலா அண்ணையைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் திடுக்கிட்டு விளம்பரத்தைப் போட்டார். அரிசி விளம்பரம்.

நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ் வானொலியில் ஓய்வுபெறும்வரை கோல் ஸ்கிரீனராக வேலை செய்தேன். நேயர்கள் அழைக்கும்போது முதலில் எடுப்பது நான்தான். பெயர், இடம், என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டு, ஹோல்டில் காத்திருக்க வைத்து, பாலா அண்ணையின் திரையில் எழுதிவிடுவேன். "லைன் ஒன்று, மில்லிக்கன் கோபி, எல்லையை மூட வேணும்." இவ்வளவுதான். யாரை எப்போது ஒலிபரப்பில் விடுவது என்பது பாலா அண்ணையின் முடிவு. அவர்தான் நிகழ்ச்சி நடத்துகிறவர், நிலையத்தின் பங்காளியும் அவர்தான்.

இந்த வேலையில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒலிபரப்பில் போவதற்கு முன் ஒரு மனிதர் எப்படிப் பேசுகிறார் என்பதும், போன பின் எப்படிப் பேசுகிறார் என்பதும் ஸ்கிரீனருக்கு மட்டுமே தெரியும். இரண்டும் ஒரே ஆளின் குரல் என்று நம்புவதே சில நேரம் கஷ்டமாக இருக்கும்.

2. கோபியும் சுமதியும்

அது தேர்தல் வருடம். வேறு எந்தத் தலைப்பை வைத்தாலும் அரைமணி நேரத்தில் பேச்சு அமெரிக்க எல்லைக்கு வந்துவிடும். வீட்டு வாடகை ஏன் கூடினது? எல்லையால் வருகிறவர்களால். ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு நேரம் இருத்தி வைக்கிறார்கள்? அதுவும் எல்லையால்தான். ஒரு கட்சி எல்லைக்கு இன்னும் ஆட்களையும் ஹெலிகொப்டரையும் போடுவோம் என்றது. மற்றக் கட்சி, போடுகிறோம்தான், ஆனால் வருகிறவர்களும் மனிதர்கள் என்றது. எங்கள் நேயர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். அவர்களில் பலர் ஒரு காலத்தில் அகதியாக வந்து இறங்கியவர்கள் என்பது அந்தப் பிரிவினைக்குத் தடையாக இருக்கவில்லை.

கோபி ஒவ்வொரு நாளும் அழைப்பான். முப்பத்தைந்து தாண்டிய வயது. ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க் லிஃப்ட் ஓட்டினான். நிகழ்ச்சி தொடங்க முதலே அழைத்து லைன் ஒன்றைப் பிடித்துவிடுவான். ஒலிபரப்பில் அவனுக்குக் கத்தி போலப் பேச்சு. "வரிசை எண்டு ஒண்டு இருக்கு. வரிசையில நிக்கிறவன் முட்டாளோ? கதவை இறுக்கிப் பூட்டுங்கோ, பிறகு நிக்கிறவனைக் கூப்பிடுங்கோ."

சுமதி அஜின்கோர்ட்டில் இருந்தாள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பிரேக் நேரத்தில் அங்கிருந்தே அழைப்பாள், பின்னணியில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கும். அவள் மற்றப் பக்கம். "நாங்கள் வரேக்க ஆர் எங்களை வரிசையில விட்டது? வந்து இறங்கினாப் பிறகு ஏணியை இழுக்கிறது நல்லாவோ?"

ஒலிபரப்புக்கு வெளியே அவள் என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "ராஜி அக்கா, உதை றேடியோவில சொல்லிப்போடாதேங்கோ. என்ரை தம்பி அமெரிக்காவில, பஃபலோவில ஒரு அகதிச் செல்ரரில நிக்கிறான். நாடு நாடாச் சுத்தி வந்தவன். இஞ்சயிருந்து ரெண்டு மணித்தியால ஓட்டம். பள்ளிக்கூடம் போற பெடியனா விட்டிட்டு வந்தனான், இன்னும் கண்ணால காணேல்லை."

அமெரிக்கா வழியாக வருகிறவர்களைப் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் கனடாவில் உடன்பிறந்தவர் இருந்தால், அமெரிக்காவில் நிற்பவர் எல்லையில் இருக்கும் ஃபோர்ட் எரி பாலத்துக்கு வந்து இங்கே அகதிக் கோரிக்கை வைக்கலாம். விதியிலேயே அந்த விலக்கு இருக்கிறது. ஆனால் தேர்தலோடு அதையும் எடுத்துவிடுவார்கள் என்ற கதை அப்போது ஊரெல்லாம் பரவியிருந்தது. தம்பிக்குப் பாலத்தில் நாள் கிடைக்க முன் அது நடந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

அந்த மாலை பாலா அண்ணை இருவரையும் ஒன்றாக ஒலிபரப்பில் விட்டார். சூடு பறக்கும் என்று தெரிந்துதான் விட்டார். கோபி, களவாய் வருகிறவர்கள் என்றான். சுமதி, ஆரைக் களவாய் எண்டுறீங்கள் என்றாள். வார்த்தை வளர்ந்து, கடைசியில் எனக்கு மட்டும் சொன்னதை அவளே ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

"என்ரை தம்பி அங்க நிக்கிறான். அவனும் கள்ளனோ?"

கோபி, நான் அதுவரை கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில் சொன்னான்: "அப்ப என்ரை மனிசி ஏன் நாலு வருசமா கிளிநொச்சியில நிக்கிறா? கோயில்ல தாலி கட்டினனான். உது உண்மையான கலியாணம் இல்லையெண்டு, அவவைக் கூப்பிடப் போட்ட பைலைத் திருப்பி அனுப்பினவங்கள். அப்பீல் போட்டிருக்கு. அவ வருவா எண்டு வாங்கின கட்டிலில பிளாஸ்ரிக் உறை இன்னும் கழட்டேல்லை."

சுமதி அழுதாள். அழுகைச் சத்தம் போகாமல் வாயைப் பொத்திக்கொண்டாள் போல. அந்த இடத்தில்தான் வானொலி பேசாமல் நின்றது.

3. இரண்டு கட்சிகளின் அழைப்பு

நிகழ்ச்சி முடிந்து பாலா அண்ணை கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ராஜி, நாளைக்கும் ரெண்டு பேரையும் எடுங்கோ. எனக்கு இப்பவே எத்தினை மெசேஜ் வருது பாருங்கோ."

"அந்தப் பிள்ளை அழுதவள் அண்ணை."

"அழட்டுமன். உண்மையா அழுகிறாள்தானே? நாங்கள் ஒண்டும் நாடகம் போடேல்லையே."

அவரைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். விளம்பரம் வந்தால்தான் ஸ்டூடியோ வாடகை, எங்கள் சம்பளம் எல்லாம். அந்தக் கவலை அவருடையது, என்னுடையது அல்ல. இருந்தாலும் நான் சொன்னேன்: "அவை கூப்பிட்டா எடுப்பன். நானாய்க் கூப்பிட மாட்டன்."

அடுத்த நாள் இருவரும் அழைக்கவில்லை. அழைத்தது கட்சிக்காரர்கள். காலையில் ஒரு கட்சியின் பிரசார அலுவலகத்தில் இருந்து ஒரு தமிழ்ப் பெடியன் பேசினான், பாதி ஆங்கிலத்தில். வரிசையில் ஒழுங்காக நின்று ஏமாந்த ஒருவர் நேற்றுப் பேசினாராமே, அவரை எங்கள் வேட்பாளரோடு ஒரு வீடியோவில் நிறுத்த வேணும், நம்பர் தாருங்கோ என்றான். மத்தியானம் மற்றக் கட்சியில் இருந்து ஒரு பெண். அந்த அக்கா மிகவும் மனதைத் தொட்டுவிட்டார், எங்கள் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசினால் போதும் என்றாள்.

நேயர்களின் நம்பரை வெளியே கொடுப்பதில்லை என்று இரண்டு கட்சிக்கும் சொன்னேன். ஆனால் கேட்டதைச் சொல்லாமல் விடுவதும் சரியல்ல. கோபிக்கும் சுமதிக்கும் அழைத்துச் சொன்னேன்.

சுமதி யோசிக்கவே இல்லை. "வேண்டாம் அக்கா. என்ரை தம்பியை ஒரு மேடைக்கும் குடுக்க மாட்டன். நாளைக்கு அவங்கள் தோத்தா, அவனையும் சேத்தெல்லோ கீழ இறக்குவாங்கள்."

கோபி போனான். வேட்பாளர் வென்றால் மனைவியின் பைலைப் பார்ப்பார் என்ற நம்பிக்கை. மில்லிக்கனில் ஒரு பிளாஸா முன்னால் வேட்பாளர் அவன் தோளில் கை போட்டபடி ஆங்கிலத்தில் பேசிய வீடியோ எல்லோருடைய ஃபோனிலும் வந்தது. கோபி ஒரு வார்த்தையும் பேசவில்லை. புதிதாக இஸ்திரி போட்ட சட்டையோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். அவனுடைய மனைவியின் பெயரை வேட்பாளர் பிழையாகச் சொன்னார். வதனி என்பது வேறு ஏதோவாகப் போனது.

அன்று மாலை அவன் எனக்கு அழைத்தான், ஒலிபரப்புக்கு அல்ல. "அக்கா, அந்தச் சுமதி அக்கா எப்பிடி இருக்கிறா? அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது."

அவளுடைய தம்பிக்குப் பாலத்தில் நேர்காணலுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமை, அவள் ஃபோர்ட் எரி போகவேண்டும், ஹைவேயில் ஓட்டப் பயம் என்று ஆள் தேடுகிறாள் என்றேன். எனக்கும் ஹைவே ஓட வராது.

"நான் கொண்டுபோறன். அவ ஓமெண்டா."

அவள் ஓம் என்று சொல்ல ஒரு முழு இரவு எடுத்தாள். நானும் கூட வந்தால் வருகிறேன் என்றாள்.

4. பாலத்தடியில்

காலையில் மூவரும் புறப்பட்டோம். சுமதி பின்சீற்றில் ஒரு சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஓக்வில் தாண்டியதும் கோபி சொன்னான்:

"நான் சொன்னதில ஒண்டையும் மாத்தேல்லை. உங்களை ஏத்தியிறக்க வாறன், அவ்வளவுதான்."

"நான் மாத்தச் சொல்லி உங்களைக் கேக்கேல்லையே," என்றாள் சுமதி. "ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

அதற்குப் பிறகு ஃபோர்ட் எரி வரை இருவரும் வாக்குவாதப்பட்டார்கள். வரிசை, விதி, யார் முந்தி, யார் பிந்தி. ஒலிபரப்பில் கேட்ட அதே வார்த்தைகள்தான். ஆனால் நடுவில் கோபி "ஏசி குளிருதோ" என்று கேட்பான், அவள் "இல்லை, பரவாயில்லை" என்பாள், பிறகு மறுபடி தொடங்குவார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அலுப்பும் வந்தது.

சுமதி பாலத்தடி எல்லை அலுவலகத்துக்குள்ளே போனாள். நாங்கள் காரில் இருந்தோம். பாலத்தின் கீழே ஆறு வேகமாக ஓடியது. அக்கரையில் பஃபலோக் கட்டிடங்களின் யன்னல்கள்கூடத் தெரிந்தன. அந்தக் கட்டிடங்களுக்குப் பின்னால் எங்கோதான் தம்பி இத்தனை நாளும் நின்றிருக்கிறான். கோபி இறங்கிப் போய் எல்லோருக்கும் கோப்பி வாங்கி வந்தான். நாலு. எங்களுடையதைக் குடித்தோம். மற்ற இரண்டும் ஆறிப்போயின. அவன் போய்ப் புதிதாக இரண்டு வாங்கி வந்தான்.

பின்னேரம் கதவு திறந்தது. சுமதி வந்தாள், அவளுக்குப் பின்னால் ஒரு நெடிய, மெலிந்த இளைஞன், கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. உள்ளேயே அழுது முடித்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. வெளியே வந்து நாலடி நடந்த பின்தான் திரும்பி அவனை முழுதாகப் பார்த்தாள். இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தாள். "சகோதரமோ எண்டு பாக்க, எங்கட வீட்டு நாயின்ரை பேரைத் தனித்தனியாக் கேட்டவங்கள் அக்கா," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு பேரும் ஜிம்மி எண்டுதான் சொல்லியிருக்கிறம்." சொல்லிவிட்டு அவன் மேல் சாய்ந்தாள். அவளுடைய உயரம் அவன் நெஞ்சுக்குத்தான் வந்தது.

கோபியைக் காணவில்லை. ஆற்றோரக் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றான். பக்கத்தில் போனேன்.

"அக்கா, எனக்குச் சந்தோசம் வரவேணும். வரேல்லை. எரியுது."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து காரின் பின்கதவைத் தம்பிக்குத் திறந்துவிட்டான். திரும்பி வரும்போது அந்தப் பெடியன் பார்சலைத் தின்றபடியே கேட்டான்: "அண்ணை, உங்கட ஆக்கள் எல்லாம் இஞ்சயோ?"

"வருவினம்," என்றான் கோபி.

5. வீட்டு வரி

தேர்தல் நடந்தது. கோபி, முன்பு சொன்ன கட்சிக்குத்தான் வாக்களித்தான். என்னிடம் ஒளிக்கவில்லை. அவனுடைய வேட்பாளர் வென்றார். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது, அப்பீலில் இருக்கும் பைலில் எங்களால் தலையிட முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்களாம். சுமதியின் தம்பி மார்க்கம் நகரில் ஒரு உணவகச் சமையலறையில் வேலைக்குப் போகத் தொடங்கினான். அவனுடைய அகதி விசாரணைக்கும் இன்னும் நாள் வரவில்லை. அவள் பிறகு வானொலிக்கு அழைக்கவே இல்லை. நேரமில்லை என்றாள். வீட்டில் பேச ஆள் வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எல்லைத் தலைப்பு ஒரு மாதத்தில் ஓய்ந்துவிட்டது. பாலா அண்ணை வேறு தலைப்புக்குப் போனார். ஒருநாள் வீட்டு வரி. நிகழ்ச்சி தொடங்க முதல் லைன் ஒன்றின் விளக்கு எரிந்தது. எடுத்தேன். கோபி.

"தம்பி, இண்டைக்கு வீட்டு வரியெல்லோ. உங்களுக்கு வீடும் இல்லையே," என்றேன்.

"தெரியும் அக்கா," என்றான். "வேலையால வந்தா வீட்டில ஒருத்தரும் இல்லை. கிளிநொச்சியில இன்னும் விடியேல்லை. மனிசி எழும்பினாப் பிறகுதான் கதைக்கலாம். உந்த ரெண்டு மணித்தியாலம்தான் அக்கா எனக்குக் கழியுதில்லை. அதுதான் இவ்வளவு நாளும் உங்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தனான்."

இத்தனை மாதமும் அவனுடைய பெயருக்கு நேரே "எல்லையை மூட வேணும்" என்று எழுதினேன். அவன் சொன்னதைத்தான் எழுதினேன், பொய் எழுதவில்லை. ஆனால் அவன் எதற்காக அழைக்கிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதற்கு எங்கள் திரையில் இடமும் இல்லை. இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: ஒருவர் என்ன சொல்கிறார் என்று எழுதிய பிறகும் தொலைபேசியை உடனே ஹோல்டில் போடாதீர்கள். இன்னும் ஒரு நிமிடம் அவரோடு நில்லுங்கள்.

"கதைக்க வேண்டாம் அக்கா. லைன்ல வைச்சிருங்கோ. நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்," என்றான்.

பாலா அண்ணையின் திரையில் லைன் ஒன்றுக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டேன். அவர் கண்ணாடிக்குள் இருந்து புருவத்தை உயர்த்திக் கேட்டார். எடுக்க வேண்டாம் என்று கை காட்டினேன். மற்ற லைன்களில் ஆட்கள் வந்து வரியைப் பற்றிச் சண்டை பிடித்துப் போனார்கள். லைன் ஒன்றின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இடையிடையே எடுத்து, "நிக்கிறீங்களோ?" என்று கேட்டேன். "ஓம் அக்கா," என்றான்.

நிகழ்ச்சி முடிந்து நான் கோட்டைப் போட்டுக்கொண்டே லைன் ஒன்றை மறுபடி எடுத்தபோது, நான் கேட்க முதல் அவனே பேசினான்.

"எழும்பியிட்டா அக்கா. வைக்கிறன்."