அப்பா கொடுத்த வண்டியின் ஆயில் சேம்பர்

கல்யாணமானதும் அப்பா எங்களுக்குக் கொடுத்தது, மூலனூரில் முருங்கைக்காய் ஏற்றி ஓடிக்கொண்டிருந்த அவருடைய பழைய பிக்கப் வண்டி. எங்கள் ஊரான நெருப்பெரிச்சலிலிருந்து துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோக என் கணவருக்கு அது உதவும் என்று நினைத்தார். ஓடுகிற நாளில் அது எங்கள் வண்டி. நின்றுவிட்டால், "அவங்கப்பன் குடுத்த வண்டி" என்பார் மாமியார். பஞ்சரானாலும் அதே பேச்சுதான். அதில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் முதலில் மாமியார் முகத்தைத்தான் பார்ப்பேன்.

போன ஆடியில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. ஆயில் சேம்பர், அதாவது எஞ்சின் எண்ணெய் தேங்கி நிற்கும் அடித்தட்டு, கல்லில் அடிபட்டு விளிம்பில் விட்டுப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே கழற்றிவிடலாம் என்றார் கணவர். அவருக்கு அந்த அளவுக்கு வேலை தெரியும். கூட ஒரு ஆள் வேண்டும், நான் போனேன்.

பழைய எண்ணெயை ஒரு பேசினில் வடித்தோம். குறுக்கே இரும்புச் சட்டம் மறித்ததால், எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி ஜாக்கியால் இரண்டு விரல் உயர்த்த வேண்டியிருந்தது. கழற்றிய போல்ட்டுகள் இடம் மாறிவிடக் கூடாதென்று, ஓர் அட்டையில் சேம்பரின் வடிவத்தை வரைந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தேன். மரக்கட்டையால் நாலு பக்கமும் தட்டித் தட்டித்தான் சேம்பர் இறங்கியது. அவர் அதை வெளியே எடுத்துப்போய், விளிம்பில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மேலே, எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டி திறந்து தொங்கியது. பக்கத்தில் என் மூன்று வயது மகள் மண்ணை வாரி இறைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். தூசி போய்விடுமே என்று பயந்து, நானே வண்டிக்கு அடியில் நுழைந்து வடிகட்டியின் வாயில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிவைத்தேன். பனியன் வேஸ்ட்தான், கம்பெனியில் வெட்டிக் கழித்த துணி. எங்கள் ஊரில் குழந்தை மூக்கிலிருந்து கிரீஸ் வரைக்கும் அதில்தான் துடைப்போம். வீட்டுக்கு ஒரு மூட்டை கிடக்கும்.

மகள் பசியில் அழுதாள். ஊட்டிவிட்டு வருவதற்குள் அவர் பசை தடவி, சேம்பரை ஏற்றி, எல்லா போல்ட்டையும் முறுக்கியிருந்தார்.

"ஏனுங்க, வடிகட்டியில துணி சுத்தியிருந்தேன். எடுத்தீங்களா?"

"எடுத்திருப்பேன் புள்ள. கேஸை அணைச்சமா, கதவைப் பூட்டுனமான்னு கேக்கற மாதிரியே இதையும் கேட்டுட்டிருக்காத."

நான் அப்படிக் கேட்கிறவள்தான். திரும்பிப் போய்ப் பார்த்தால் கேஸ் அணைந்துதான் இருக்கும். தரையில் கறுத்துக் கிடந்த துணிகளைக் கிளறினேன். நிறையக் கிடந்தன. இதில் ஒன்றுதான் அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் சுற்றிய துணியும் எண்ணெய் சொட்டி வடிகட்டியின் நிறத்துக்கே வந்திருக்கும், கீழே படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை. தோன்றியதோ என்னவோ, பிரிக்கச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள், எஞ்சினுக்கு எண்ணெய் ஏறவில்லை என்று காட்டும் ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. ஒயர் பழசு என்று அவர் ஓட்டியிருக்கிறார். பாதி வழியில், லோடோடு, எஞ்சின் தட்டி நின்றுவிட்டது. பட்டறையில் சேம்பரைக் கழற்றிய மெக்கானிக் வடிகட்டியை அடைத்திருந்த துணியை ஸ்குரூ டிரைவரால் இழுத்து எடுத்தாராம். இதைக் கணவர் சமையலறையில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். கூடத்துக்குப் போய், எஞ்சின் பழசு, போய்விட்டது என்று மாமியாரிடம் சொன்னார். என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் சேர்த்துத்தான் மறைத்தார் என்பது புரிய இரண்டு நாளானது.

அடுத்த வாரம் அப்பா பஸ் ஏறி வந்தார். உட்காரும் முன்னாலேயே கையைக் கூப்பினார்.

"பழசைத் தலையில கட்டி உங்களைச் சிரமப்படுத்திப்போட்டனுங்க மாப்பிள்ளை."

மாமியார் அப்பாவுக்குக் காபியை நீட்டினார்.

"இல்லீங்கப்பா, வண்டி மேல தப்பில்லீங்க. நாந்தான் உள்ள துணிய உட்டுப்போட்டேன்" என்றேன்.

"கம்முனு இரு கண்ணு. எனக்காவ நீ பழிய ஏத்துக்க வேண்டாம்."

நான் கணவரைப் பார்த்தேன். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பரவாயில்லீங்க மாமா. உடுங்க."

அப்பாவின் தோள் தளர்ந்தது. அதன் பிறகுதான் காபியைக் குடித்தார்.

அப்பாவை பஸ் ஏற்றிவிடப் போனபோது மறுபடியும், துணி எப்படி இருந்தது, எங்கே சுற்றினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. மாப்பிள்ளை தங்கமானவர், வேறொருத்தராக இருந்தால் நாலு பேர் முன்னால் கேட்டிருப்பார், அவர் மனம் கோணாமல் நடந்துகொள் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.