பெண்கள் துப்பாக்கியும் என் பிறந்த ஊரும்

பிரெஞ்சு நிர்வாகச் சட்டப்படி, ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்து இரண்டு மாதம் பதில் வராவிட்டால், கேட்டது கிடைத்துவிட்டதாகப் பொருள். பெண் பார்க்கப் போன வீட்டில் நம்மவர்கள் சொல்கிற 'மௌனம் சம்மதம்' என்பதை இவர்கள் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். விதி ஒரு வரி. விதிவிலக்குகள் பல பக்கம். இங்கே அரசு அலுவலகப் பணியில் இருந்த காலம் முழுவதும் நான் குடியிருந்தது அந்தப் பக்கங்களில்தான். ஆயுதம் அந்த விலக்குகளில் ஒன்று என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு எதற்கு ஆயுதம்? என் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், பிரெஞ்சுக்காரர். லுவார் ஆற்றுக்குத் தெற்கே காட்டை ஒட்டி அவர் வீடு. குளிர்காலம்தோறும் அங்கே நண்பர்களோடு மான் வேட்டை நடக்கும். ஆறு வருடமாக அதில் என் பதவி, விரட்டி. ஆரஞ்சுச் சட்டை மாட்டி, கையில் கோல் பிடித்து, 'ஓய் ஓய்' என்று கத்தியபடி புதருக்குள் நடக்க வேண்டும். மான் மறுபக்கம் ஓடும். அங்கே துப்பாக்கியோடு வரிசையாக நிற்கும் கனவான்கள் சுடுவார்கள். பிறகு சாப்பாட்டு மேசையில் சம்பந்தி என் முதுகைத் தட்டி, "நீங்கள் கத்தினால் மான் என்ன, வரி அதிகாரியே ஓடுவார்" என்பார்.

அறுபத்தொன்பது வயதில் வேட்டை உரிமத் தேர்வு எழுதித் தேறினேன். பெப்ரவரி கடைசி நாளோடு பருவம் முடியும். அதற்குள் ஒரே ஒரு நாளாவது கோலை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அந்த வரிசையில் நிற்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

பாரீஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வழக்கமாக வெற்றிலை வாங்கும் மளிகைக்கடையில், முருங்கைக்காய்க் கட்டுக்குப் பக்கத்தில் துப்பாக்கி விலைப்பட்டியலைப் பிரித்து வைத்தேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர், திடுக்கிட்டார்.

"என்ன அண்ணை, துவக்குப் படமோ? கெதியா மூடுங்கோ, சனம் பாக்குது!"

"வேட்டைக்குத்தான் தம்பி. மான் சுட."

"மானோ, மரையோ?"

"இங்க இருக்கிற செவ்ரய். நம்ம வெள்ளாடு அளவுதான் இருக்கும்."

"ஓம், அப்ப சின்னத் துவக்கே காணும். பெரிசாலை சுட்டா இறைச்சி சிதறிப் போயிடும். எனக்கு ஒரு பின்னந்தொடை எடுத்து வையுங்கோ."

நான் கேட்ட யோசனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான். சம்பந்தி, காட்டுப்பன்றியையும் சேர்த்துச் சாய்க்கும் பெருந்தோட்டாவைச் சிபாரிசு செய்தார். இணையத்தில் ஒவ்வொருவரும் தாம் வைத்திருப்பதே சிறந்தது என்றார்கள்.

புறநகரில் ஒரு துப்பாக்கிக் கடை. நடத்துபவர் ஓர் அம்மாள். தோட்டா அளவைப் பற்றி நான் படித்து வைத்திருந்த எதையும் அவர் கேட்கவில்லை. ஒரு துப்பாக்கியை என் கையில் கொடுத்து, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த காகித மானைக் காட்டினார்.

"கண்ணை மூடுங்கள், ஐயா. தோளில் ஏற்றுங்கள். இப்போது திறங்கள். என்ன தெரிகிறது?"

"உங்கள் தீயணைப்பான்."

ஐந்து துப்பாக்கிகளிலும் மான் அகப்படவில்லை. என் கை குட்டை என்று சொல்லாமல், "துப்பாக்கியின் பின்கட்டை நீளம்" என்றார் மரியாதையாக. ஆறாவது எடை குறைந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய எளிய வகை. கண்ணைத் திறந்தேன். மானின் முன்னங்காலுக்கு மேலே, குறி சரியாக நின்றது.

"இதுதான்!"

"இது பெண்களுக்கான மாதிரி."

"மானுக்குத் தெரியுமா?"

"நீங்கள் சொன்னால்தான் தெரியும்."

"சம்பந்திக்கு?"

"பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டியை இங்கேயே விட்டுப் போங்கள்."

துப்பாக்கியை எனக்காக எடுத்து வைத்தார். இனி அரசின் ஆயுதப் பதிவு இணையதளத்தில் கணக்குத் திறந்து, அந்தக் கணக்கு எண்ணைக் கடையில் கொடுத்தால் போதும். அன்று மாலையே உட்கார்ந்தேன். பிறந்த நாடு என்ற கட்டம் வந்தது.

நான் பாண்டிச்சேரியில் பிறந்தபோது பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. ஆனால் ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்துக்குப் பாரீஸ் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. எனவே சட்டப்படி நான் பிறந்தது பிரான்சில். பிரான்ஸ் என்று போட்டேன். உடனே மாவட்ட எண் கேட்டது. பாண்டிச்சேரிக்கு ஏது எண்? இரண்டு பக்க விளக்கக் குறிப்பை இணைத்து அனுப்பினேன்.

"இந்தியா எண்டு அமத்திப்போட்டு விடுங்கோ அண்ணை" என்றார் மளிகைக்காரர். "நானும் எதை எதையோ அமத்தித்தான் இஞ்சை நிக்கிறன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கே தம்பி."

"சட்டம் இருக்கட்டும். தொடை எங்கை?"

மூன்றாம் வாரம் ஒரு வரி வந்தது: 'தங்கள் கோப்பு, உரிய கவனத்துடன், பரிசீலனையில் உள்ளது.' அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முன்பு எங்கள் அலுவலக மாதிரிக் கடிதத்துக்கு நானே எழுதியது. இரண்டு காற்புள்ளிகளும் என்னுடையவை. அதற்குப் பொருள் என்ன என்பதும் தெரியும்: யாரும் திறந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மௌனம். இரண்டு மாதம் கடந்தது. திரையில் 'திருத்து' என்ற பொத்தான் தினமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறை அழுத்தி இந்தியா வரை போய், திரும்பி வந்துவிட்டேன்.

பெப்ரவரி கடைசி நாள், பருவத்தின் கடைசி வேட்டை. சம்பந்தி வழக்கம்போல் கோலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். புதருக்குள் பாதி தூரம் போயிருப்பேன். பத்தடியில் ஒரு செவ்ரய் நின்று என்னைப் பார்த்தது. கண்ணை மூடினேன். கோலைத் தோளில் ஏற்றினேன். திறந்தபோது கோல் நுனி முன்னங்காலுக்கு மேலே சரியாக நின்றது. கட்டை நீளமும் கச்சிதம்.

கத்த வேண்டியது என் கடமை. கத்தவில்லை. அது கனவான்கள் நின்ற பக்கத்தை விட்டு, நான் வந்த வழியாகவே மெல்லப் போயிற்று.

"இன்று ஏன் உங்கள் சத்தமே இல்லை?" என்றார் சம்பந்தி, வெறுங்கையோடு.

"பரிசீலனையில் இருந்தது" என்றேன்.

கணக்குத் திறக்கப்பட்டது என்றும், பிறந்த இடம் 'பாண்டிச்சேரி, பிரான்ஸ்' என்று திருத்தமின்றி ஏற்கப்பட்டது என்றும் பதில் வந்தது. தேதி, மார்ச் 1.