நாலு கை முந்தி

நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். ஆனால் இன்றைக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் முப்பது தறி என் பேரைச் சொல்லி ஓடுகிறது. சாயம் போட்ட நூலைச் சைக்கிளில் சுமந்து மேலே வந்தவன் நான். பட்டுப் புடவை முந்தியில் என்ன கேட்டாலும் நெய்து தருவேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். சொன்னபடி செய்தும் இருக்கிறேன். தேர் போட்டிருக்கிறேன். ஒரு டாக்டர் அம்மாவுக்கு அவருடைய ஆஸ்பத்திரியையே போட்டுக் கொடுத்தேன், ஜன்னல் கம்பி உட்பட.

ஒரு நாள் சென்னையிலிருந்து கல்யாணப் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு வந்து போனை நீட்டினாள். படத்தில் இரண்டு பக்கமும் வானத்தை முட்டும் கட்டடங்கள். நடுவே முகமூடி போட்ட ஒருவன் ஒற்றைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பறக்கிறான்.

"அங்கிள், முகூர்த்தப் புடவை முந்தியில இவன்தான் வேணும். சின்ன வயசுலேர்ந்து ஆசை."

"ஊர்ல பொண்ணுங்க மயில் கேக்குது, மாங்கா கேக்குது. இது முகமூடித் திருடன கேக்குது பாருங்க," என்றார் அம்மா.

"திருடன் இல்லம்மா, ஹீரோ! அங்கிள், அவன் சும்மா தொங்கக் கூடாது. செம ஸ்பீடா போகணும்."

வேகத்தை எப்படி நெய்வது? படித்தவன் யாராவது சொல்லட்டும் பார்ப்போம். நான் கண்டுபிடித்தேன். வண்டி போன பிறகு புழுதி நிற்குமே, அதுபோல அவன் முதுகுக்குப் பின்னால் ஜரிகையில் கோடு கோடாக இழுத்துவிடச் சொன்னேன். கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிறவர் அதைக் காட்டியபோது நானே ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"முழுப் படமா, பாதிப் படமாண்ணே?" என்று அவர் கேட்டார்.

"பாதி போதும்யா. எங்கிட்டயே கேக்கிறியா?" என்றேன்.

எங்கள் தறி அப்படிக் கட்டியது. முந்தியில் பாதி அகலத்துக்கு மட்டும் படம் கொடுத்தால், மறு பாதியைக் கண்ணாடியில் பார்த்ததுபோல அதுவே திருப்பிப் போட்டுக்கொள்ளும். மயிலோ அன்னமோ யானையோ, காஞ்சிபுரம் முந்தியில் எதுவும் எதிரெதிரே ஜோடியாகத்தான் நிற்கும். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

புடவையின் உடல் முழுக்க நெய்து முடித்து, கடைசியாக முந்தியைத் தொடங்கியபோது கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நெசவாளர் போன் செய்தார்.

"அண்ணே, கட்டடம்லாம் சூப்பரா வந்துக்கினு இருக்குது. ஆனா கை நாலு வருதுண்ணே."

"நாலு கை சாமியக் கும்புட்டுத்தானேயா இந்த ஊர்ல பொழைக்கிறோம்? நெய்யி."

மறுநாள் மறுபடியும் போன். "அண்ணே, தலை ரெண்டு வந்துடுச்சி."

ஓடிப்போய்ப் பார்த்தேன். தறியில் ஒருவனுக்குப் பதிலாக இரண்டு பேர். பிரித்து எடுத்தால் ஜரிகையும் போகும், பாவு நூலும் போகும். புதிதாக இன்னொன்று நெய்ய ஒரு மாதம் வேண்டும். நெய்து முடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பெண் புடவையை வாங்க வந்தாள். விரித்துப் போட்டேன். இரண்டு ஹீரோக்களும், நான் கண்டுபிடித்த அதே வேகத்தில், ஒருவன் மண்டையை ஒருவன் உடைக்கப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவே நாலு விரற்கடை இடைவெளி.

"ஐயையோ, முட்டிக்கப் போறானுங்களே!" என்றார் அம்மா.

பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்த வாடிக்கையாளர் வந்தாலும் பேசியே கவிழ்த்துவிடுகிறவன் நான். அன்றைக்கு முந்தி ஓரத்தில் இல்லாத பிசிறைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்தாள்.

"இன்னாம்மா பாக்கிற? கல்யாணம் ஆவப் போறவ, ஒருத்தன மட்டும் அந்தரத்துல தனியா தொங்கவுட்டா நல்லாவா இருக்கும்? இது உங்க வூட்டுக்காரரு. அது நீ."

பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "மோதிக்கப் போறோமே ஆன்ட்டி?"

"மோதாம? ஆறு மாசம் மோதுவீங்க. அப்புறம் யாருனா ஒருத்தர் கயித்த கொஞ்சம் தளத்திப் புடிப்பீங்க."

"யாரு தளத்துவாங்க?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டு, "டேய், நீ லெஃப்ட் சைடு. என்னை இடிச்ச, கொன்னுடுவேன்," என்றாள்.

என் மனைவியின் அந்தப் பேச்சு என்னோடு நாற்பது வருஷம் இருந்து கற்றுக்கொண்டது. அதை அங்கேயே எல்லோரிடமும் சொன்னேன்.

"பேசினது போதுங்க. பொடவைய மடிச்சிக் குடுங்க," என்றாள்.

மடித்துக் கொடுத்தேன். மடிப்பு கலையாமல் புடவை மடிப்பதில் என்னை அடிக்க இந்த ஊரில் ஆள் கிடையாது.